தூசி என்று நான் எழுதிய நான்காவது முகடு

என் முனைவர் பட்டப் பதிவு ஒரு சித்திரை மாத வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு காலாவதியாக இருந்தது. அதே வெள்ளிக்கிழமை காலை ஆய்வுச் சுருக்கக் கூட்டம். குழுவில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால் ஆய்வேடு எழுதலாம். போடாவிட்டால் ஐந்தரை ஆண்டு உழைப்புக்கு என் கையில் மிஞ்சுவது ஒரு நூலக அட்டை. அதையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஒளியியல் ஆய்வு செய்கிறேன். ஆய்வு என்றதும் வெள்ளைக் கோட்டு, லேசர் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் துறையில் ஒரு லேசர் இருக்கிறது. அங்கீகாரக் குழு வருகிற அன்று அதைத் துடைத்து மேசைமேல் வைப்பார்கள். குழு சாப்பிட்டுவிட்டுப் போனதும் பீரோவில் பூட்டிவிடுவார்கள். என் வேலை முழுக்கக் கணினியில்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா, “லைட் சம்பந்தமா இன்னாவோ படிச்சுக்கினு இருக்கா” என்பாள். அதைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் எரியாத டியூப் லைட்டின் சோக்கைக் கழற்றிக்கொண்டு வந்தார். மாற்றிக் கொடுத்தேன். என் ஆய்வினால் இதுவரை சமூகத்துக்குக் கிடைத்த பயன் அது ஒன்றுதான்.

நான் உண்மையில் செய்வது இதுதான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு சிலிக்கான் தகடு. அதில் வரிசையாகத் துளைகள். நடுவில் மட்டும் ஒரு துளையைப் போடாமல் விட்டுவிடுவோம். அந்த இடத்தில் மாட்டிக்கொண்ட ஒளி, சுற்றியுள்ள துளைகள் வெளியே விடாததால், கொஞ்ச நேரம் உள்ளேயே அலைந்துகொண்டிருக்கும். எல்லா ஒளியும் அல்ல; சில குறிப்பிட்ட அதிர்வெண்கள் மட்டும். அவை எவை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் முதலில் ஒரு பெரிய சத்தம், பிறகு ஒரு ரீங்காரம். கூடத்தில் உட்கார்ந்தபடியே அந்த ரீங்காரத்தை வைத்து, விழுந்தது தட்டா, டபராவா, கல்யாணத்தில் வந்த பெரிய தாம்பாளமா என்று என் அம்மா சொல்லிவிடுவாள். முதல் சத்தத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. கணினியில் நான் செய்வதும் அதுவே. இடத்தைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, நேரத்தையும் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் மின்புலம், காந்தப்புலம், மறுபடி மின்புலம் என்று கணினியை மாற்றி மாற்றிக் கணக்கிட வைப்பேன். நடுவில் ஒளியால் ஒரு தட்டு தட்டுவேன். தட்டிய சத்தம் ஓயும்வரை காத்திருந்து, பிறகு மிச்சம் இருக்கிற ரீங்காரத்தைப் பதிவு செய்வேன். அதை இன்னொரு நிரலிடம் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். எந்தெந்த அதிர்வெண்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் அடங்காமல் நிற்கிறது, அதை எவ்வளவு நம்பலாம். இப்படி அடங்காமல் நிற்பவற்றுக்கு ஒத்ததிர்வு என்று பெயர். இல்லாத ஒத்ததிர்வுகளையும் அந்த நிரல் கூச்சமில்லாமல் சேர்த்துக் கொடுக்கும். பிழை அதிகமாக உள்ளவற்றை நான் ஒவ்வொன்றாக அடித்துவிடுவேன். பட்டியல் போடுவதும் அதிலிருந்து அடிப்பதும் எனக்கு எப்போதும் பிடிக்கும். மளிகைச் சீட்டுகூட என் கையில் இரண்டு பிரதி இருக்கும்.

இங்கே நான் சொல்ல வருகிற தகட்டின் கட்டமைப்புக்கு என் பட்டியலில் மூன்று ஒத்ததிர்வுகள் மிஞ்சின. மூன்றும் அழகானவை.

இங்கே என் அப்பாவின் தொழிலைச் சொல்ல வேண்டும். பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது அவர் வேலை. வாசல் அறையில் இரண்டு கணினிகள். திரையில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பார். அதைப் பார்த்து அட்டையில் துளை குத்தித் தறியில் மாட்டுவார்கள். முன்பு கிராஃப் தாளில் செய்தது இப்போது திரைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். நிற்க நேரமில்லாமல் வேலை வருகிறது. இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எதையும் பாதிதான் வரைவார்கள். மறுபாதிக்கு மிரர் என்று ஒரு பொத்தான், வரைந்ததை அப்படியே திருப்பி மறுபக்கம் போட்டுவிடும். இருதலைப் பட்சி என்றால் ஒரு தலையை வரைந்தால் போதும். இரண்டாவது தலை இலவசம். பள்ளி விடுமுறைகளில் நான் அப்பாவுக்குப் பூக்களும் பட்சிகளும் வரைந்து கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட முழுதாக வரைந்ததில்லை. முழுதாக வரைகிறவனைப் பார்த்தால், “வேல தெரியாதவம்பா, பாவம்” என்று அப்பா இரக்கப்படுவார்.

ஆகவே எங்கள் ஆய்வு மென்பொருளில் சமச்சீர் என்று ஒரு வரி இருப்பதைக் கண்டதும் எனக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல இருந்தது. தகட்டின் இடப்பாதியை மட்டும் கொடுத்து, வலப்பாதி இதன் கண்ணாடிப் பிம்பம் என்று எழுதிவிட்டால் போதும். கணினி பாதி நேரத்தில் முடித்துவிடும். துறையில் மற்றவர்கள் முழுத் தகட்டையும் போட்டுவிட்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது, வேலை தெரியாதவர்களே என்று நானும் கொஞ்சம் இரக்கப்பட்டேன்.

வேறொரு நகரத்தில் வசதியான ஆய்வகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில், நான் அனுப்பிய படத்தை வைத்து ஓர் ஆய்வாளர் உண்மையான தகட்டைச் செய்தார். அளந்தார். மின்னஞ்சல் அனுப்பினார். அளவீட்டு வரைபடத்தில் ஒத்ததிர்வுக்கு ஒன்றாக நான்கு முகடுகள் தெரிகின்றன, மூன்று உங்கள் கணக்கோடு பொருந்துகின்றன, நான்காவது உங்கள் கணக்கில் விட்டுப்போயிருக்குமோ என்று மிகவும் பணிவாகக் கேட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் நிதானமானவள் என்று எல்லாரும் சொல்வார்கள். நிதானமாகப் புண்பட்டேன். பிறகு ஒரு பட்டியல் போட்டுச் சோதித்தேன். தட்டிய சத்தம் ஓய்வதற்குள் கேட்க ஆரம்பித்துவிட்டேனா? இல்லை. போதுமான நேரம் ஓடவிட்டேனா? இன்னும் இரண்டு மடங்கு ஓடவிட்டேன். கட்டங்கள் பெரியவையா? சின்னதாக்கினேன். கடைசியாக, பாதித் தகடு என்பதில் ஏதாவது கோளாறா? இந்தக் கேள்வியையும் நான் கேட்டேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். முழுத் தகட்டையும் போட்டுப் பார்த்தேன். அதற்குத் தேவையான பெரிய கணினி துறையில் ஒன்றுதான் உண்டு. அது என் நெறியாளரின் அறையில் இருக்கிறது. உற்சவக் காலங்களில் சுவாமி புறப்பாட்டை நேரலையில் பார்க்க அவர் அதைப் பயன்படுத்துவார். இரண்டு நாள் கெஞ்சி வாங்கினேன்.

முழுத் தகடு. நட்டநடுவில், அரைக் கட்டம்கூடப் பிசகாமல், தட்டு. பூ வரையும்போது நடுப்புள்ளியைத்தான் முதலில் வைப்போம். கை தானாகவே அங்கே போயிற்று. பட்டியல் வந்தது. அதே மூன்று. கடைசி தசமம்வரை அதே எண்கள். அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதைப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

என் நெறியாளர் வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். பேராசிரியர் பதவியோடு சேர்த்து நான்கு ஏக்கர் நெல்லும் பார்க்கிறார். மாணவர்களின் ஆய்வை அவர் இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்கு நடுவே கேட்பார்.

“சார், அவங்களுக்கு நாலு வருது. நமக்கு மூணுதான் வருது.”

“நம்ம மூணு அவங்க நாலுல இருக்குதா?”

“இருக்குது சார்.”

“அப்ப இன்னாமா? நமக்கு வந்ததெல்லாம் அவங்களுக்கும் வந்துட்டுது. அவங்களுக்கு எக்ஸ்ட்ராவா ஒண்ணு வந்தா அது அவங்க பாடு. மெஷின்ல தூசி கீசி இருக்கும். மூணு நல்ல நம்பர்மா. எழுது.”

எழுதினேன். ஆய்வாளருக்கு நான் அனுப்பிய பதிலில் ஆறு காரணங்கள் வரிசை எண்ணோடு இருந்தன. ஒன்று, மாதிரியில் தூசி. இரண்டு, துளைகள் சரியான வட்டமாக இல்லாமை. மூன்று, தகட்டை வைத்த தாங்கியிலிருந்து வரும் எதிரொளிப்பு. மற்ற மூன்றையும் இப்போது படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் கணக்கில் பிழை என்பது ஏழாவதாகக்கூட இல்லை. நெறியாளர் அதைப் படித்துவிட்டு, “ரொம்ப டீசன்ட்டா திட்டியிருக்கமா” என்று பாராட்டினார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சுத்தம் செய்துவிட்டேன், இன்னும் தெரிகிறது, வேறு புதிய தகடே செய்து பார்க்கிறேன் என்று. நானும் மகிழ்ச்சி என்று எழுதினேன். அதற்குள் கூட்டத்துக்கான அறிக்கையை அச்சடித்துக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் வைத்தேன்: அளவீட்டில் காணப்பட்ட நான்காவது முகடு மாதிரியின் மாசினால் ஏற்பட்டது. அச்சில் அது மிகவும் உறுதியாகத் தெரிந்தது. அப்புறம் புதிய தகட்டின் அளவீடு வந்தது. அதே இடத்தில் அதே முகடு. இரண்டு தகடுகளிலும் ஒரே இடத்தில் போய் உட்காரும் தூசி எவ்வளவு ஒழுங்கானது என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை காலை. வைகாசியில் கல்யாணம் உள்ள ஒரு வீட்டுக்கு அப்பா முகூர்த்தப் புடவை டிசைன் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது முந்தியில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையும் கையுமாக நிற்பதுபோல நெய்யச் சொல்கிறார்கள். புகைப்படம் கொடுத்துவிட்டால் அப்பா வரைந்து, நெய்வதற்கு முன் படத்தை அவர்கள் கைபேசிக்கு அனுப்புவார். அனுப்பிய பத்தாவது நிமிடம் பெண்ணின் அம்மா கூப்பிட்டார். அப்பா எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார்.

“அண்ணே, படம் வந்துது. என் பொண்ணு ரொம்ப நல்லா இருக்கா.”

“சந்தோசம்மா.”

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கண்ணே.”

“சந்தோசம்மா.”

“ரெண்டு பேருமே என் பொண்ணுதாண்ணே. மாப்ள எங்க?”

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். மணப்பெண் இடப்பக்கம் மாலையோடு நின்றாள். வலப்பக்கமும் அவளே, அதே மூக்குத்தியோடு, தனக்குத்தானே மாலை போடத் தயாராக நின்றாள்.

“சம்பந்தி வீட்டு குரூப்புலயும் போட்டுட்டேண்ணே, நான் பாக்காமலே! எங்க பையன் இன்னா ஆனான்னு அவங்க கேட்டுக்கினு இருக்காங்க. நான் இன்னா சொல்றது?”

“ஒரு அரை மணி நேரம் குடும்மா. வந்துடுவாரு.”

அழைப்பைத் துண்டித்துவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். “வரைஞ்சேம்மா. சத்தியமா வரைஞ்சேன். ரெண்டு நாளு ஒக்காந்து அந்தப் பையன் மீசைய வரைஞ்சேன்.”

“மிரர் போட்டீங்களாப்பா?”

“எப்பவும் போடறதுதான? கைய எடுக்கறப்ப அமுக்கிட்டு எழுந்திருப்பேன். பொண்ணு வந்து மாப்ள மேலயே ஒக்காந்துட்டா.”

“கல்யாணத்துக்கு முன்னாடியேவா?” என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

நான் சிரித்தேன். கல்லூரிக்குக் கிளம்பி, ஷேர் ஆட்டோவில் ஏறி, ஐயம்பேட்டை தாண்டும்வரை விட்டு விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அந்த மாப்பிள்ளையை யாரும் அழிக்கவில்லை, வலப்பக்கம் இடப்பக்கத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று சொன்ன உடனே அவனுக்கு நிற்க இடமில்லாமல் போய்விட்டது என்று நினைத்தேன். அங்கே சிரிப்பு நின்றது.

பாதித் தகடு போட்டு மற்றது பிம்பம் என்று சொன்னால், இடப்பக்கம் என்ன செய்கிறதோ அதையே வலப்பக்கமும் செய்ய வேண்டும். இடது ஏறும்போது வலதும் ஏற வேண்டும். இடது ஏறும்போது வலது இறங்குகிற ஓர் அதிர்வு, பூங்காவில் பிள்ளைகள் பலகையின் இரண்டு முனையிலும் உட்கார்ந்து ஆடும் சீசாவைப் போன்றது. அப்படி ஒன்று இருந்தாலும் என் கணக்கில் அதற்கு இடமில்லை. சரி, ஆனால் முழுத் தகட்டையும் போட்டுப் பார்த்தேனே? போட்டேன். தட்டியது எங்கே? நட்டநடுவில். சீசாவின் நடுவில், அச்சு இருக்கிற இடத்தில் எவ்வளவு பலமாகக் குத்தினாலும் எந்தப் பக்கமும் ஏறாது. சீசா இல்லை என்று ஆகிவிடுமா? நான் அச்சில் குத்திவிட்டு, சீசா இல்லை என்று வரிசை எண்ணோடு ஆறு காரணம் எழுதியிருந்தேன்.

நெறியாளர் அறையில் இருந்தார். அறுவடை இயந்திரம் வந்துவிட்டதா என்று யாரையோ போனில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

“சார், உங்க சிஸ்டம் இன்னிக்கு மட்டும் வேணும்.”

“இப்ப இன்னாத்துக்குமா? ரிப்போர்ட்டுதான் போயிட்டுதே.”

“நாலாவது வருமான்னு பாக்கணும் சார்.”

அவர் போனை மூடினார். என் ஆய்வுக்காக அவர் போனை மூடியது அதுவே முதல் முறை. “வந்தா இன்னா பண்ணுவ?”

“தெரியல சார். முதல்ல வருதான்னு பாக்கலாம்.”

“வராதுமா” என்று சொல்லிவிட்டு அவர் வயலுக்குப் போனார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

முழுத் தகட்டைக் கொடுத்தேன். தட்டும் புள்ளியை நடுவிலிருந்து வலப்பக்கம் கொஞ்சம், மேலே கொஞ்சம் நகர்த்தினேன். கேட்கும் புள்ளியையும் வேறு எங்கோ, ஒழுங்கே இல்லாத ஓர் இடத்தில் வைத்தேன். எங்கள் வீட்டு வழக்கப்படி அந்த இடத்தில் ஒரு புள்ளி விழுந்தால் துணியில் கறை என்பார்கள். அந்த எண்களைத் தட்டச்சு செய்ய என் விரல்களுக்கே பிடிக்கவில்லை. காலை பதினொன்றுக்கு ஆரம்பித்தது மூன்றரைக்கு முடிந்தது. பட்டியலில் நான்கு. புதியது இரண்டாவது வரிசையில், அடித்துவிட முடியாத அளவு சின்னப் பிழையோடு நின்றது. ஆய்வாளரின் அளவீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்ன இடம்தான்.

இதை யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதினேன். முதலில் ஆய்வாளரை அழைத்தேன். மின்னஞ்சலில் வரிசை எண் போட்டு எழுதிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

“உங்க சாம்பிள்ல தூசி இல்லைங்க” என்றேன்.

“தெரியுங்க. மூணு தடவ கழுவினேன்.”

“தப்பு என் கணக்குல. நடுவுல தட்டிட்டேன்.”

“ஓ” என்றார். பிறகு, “ரெண்டாவது சாம்பிளுக்கு ஏழு வாரம் ஆச்சுங்க” என்றார், குற்றம் சொல்லாத குரலில். அது இன்னும் மோசமாக இருந்தது. “எங்க லேப் போர்டுல அந்த முகட்டுக்குப் பேரே தூசின்னுதான் எழுதி வச்சிருக்கோம். இப்ப அழிக்கணுமா?”

“அழிச்சிடுங்க. மன்னிச்சுக்குங்க.”

“பரவால்ல. எல்லாரும் அதுக்குப் பழகிட்டாங்க. அப்படியே இருக்கட்டும்” என்றார்.

திங்கட்கிழமை நெறியாளரிடம் தாளைக் காட்டினேன். அவர் முட்டாள் அல்ல. பார்த்ததும் புரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

“நல்லா பண்ணியிருக்கமா. இத ஆய்வேட்டுல போட்டுக்கலாம். வெள்ளிக்கிழம வாயத் தொறக்காத.”

“ரிப்போர்ட்டுல தப்பா இருக்குதே சார்.”

“அத யாரு படிச்சிருப்பாங்கன்னு நெனைக்கிற? இத பாரு, நாலுன்னு நீயா சொன்னீனா, அப்ப மூணுன்னு ஏன் எழுதினன்னு கேப்பாங்க. கேட்டா கையெழுத்து போட மாட்டாங்க. போடலன்னா அஞ்சு மணிக்கு உன் ரெஜிஸ்ட்ரேஷன் போச்சு. அஞ்சரை வருஷம்மா! கேட்டா சொல்லு. கேக்காம சொல்லாத.”

அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு தாளை இரண்டாக மடித்து, சொல்லாமலிருக்கக் காரணங்கள் ஒரு பக்கம், சொல்லக் காரணங்கள் இன்னொரு பக்கம் என்று எழுதினேன். சொல்லாமலிருக்க ஏழு வந்தன. எல்லாம் நல்ல காரணங்கள். ஏழாவது என் வயது. சொல்வதற்கு ஒன்றுதான் வந்தது. ஒருவர் ஒழுங்காகச் செய்த வேலையை அழுக்கு என்று நான் அச்சடித்திருக்கிறேன், அது என் பெயரில் நூலகத்தில் போய் உட்காரும். ஏழு பெரிதா ஒன்று பெரிதா என்று எந்த நிரலும் சொல்லாது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். வியாழக்கிழமை மதியம், திரையில் காட்டும் படங்களில் மூன்று ஒத்ததிர்வு இருந்ததை எடுத்துவிட்டு நான்கு இருந்ததைப் போட்டேன். அதற்குக் காரணம் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். தப்பான எண்ணைப் பெரிய எழுத்தில் திரையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் என்னால் நிற்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

நெறியாளரைத் தவிரக் குழுவில் நான்கு பேர். போண்டா, தேநீர். முதல் உறுப்பினர் பக்க ஓரத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறேன் என்று ஓர் அளவுகோலால் அளந்தார். இரண்டாமவர், புலத்தின் படங்கள் நீலமாக இருக்கின்றனவே, கொஞ்சம் சிவப்பு சேர்த்தால் பளிச்சென்று இருக்குமே என்றார். நன்றியுரையில் நிர்வாகத்தை மூன்றாவது பத்தியில் சொல்லியிருப்பதை முதல் பத்திக்குக் கொண்டுவரும்படி மூன்றாமவர் கேட்டுக்கொண்டார். நான்கு ஒத்ததிர்வுகளின் படம் திரையில் வந்து, நின்று, போயிற்று. யாரும் கேட்கவில்லை. நெறியாளர் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல ஒரு போண்டாவை எடுத்தார்.

நான்காவது உறுப்பினர் வேறொரு கல்லூரியிலிருந்து வந்திருந்த அம்மையார். அவர் கையிலிருந்த அறிக்கையில் மஞ்சள் தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“முன்னாடி போங்கம்மா. அந்தப் படம். நாப்பத்தொன்னாம் பக்கத்துல மூணுன்னு போட்டிருக்கீங்க. இதுல நாலு இருக்கே?”

“ரிப்போர்ட் தப்பு மேடம். இது சரி.”

அறையில் மெல்லுகிற சத்தம் நின்றது. பாதித் தகட்டைச் சொன்னேன், நடுவில் தட்டியதைச் சொன்னேன், தூசி என்று எழுதியதையும் சொன்னேன். அவர் ஒரு வரி விடாமல் குறித்துக்கொண்டார்.

“இதே மாதிரி பாதி போட்டது ஆய்வேட்டுல வேற எங்கயாவது இருக்கா?”

இல்லை என்று ஒரு வார்த்தை. இதைச் சொல்லிவிட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். நெறியாளர் மேசைக்கு அடியில் கைபேசியைப் பார்த்தபடி இருந்தார்.

“மூணாவது, நாலாவது அத்தியாயத்துல மேடம். மொத்தம் பத்தொன்பது கட்டமைப்பு.”

“பத்தொன்பதையுமா?”

“எல்லாமே பாதிதான் மேடம்.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு மற்ற மூவரையும் பார்த்து, நிதானமாகச் சொன்னார். இன்று கையெழுத்து இல்லை. மூன்று மாத நீட்டிப்புக்குப் பரிந்துரை. பத்தொன்பதையும் முழுதாகப் போட்டு, தட்டுகிற இடத்தை மாற்றி மாற்றிப் போட்டுக் கொண்டுவர வேண்டும். “அந்தத் தூசி வாக்கியத்த இப்பவே அடிங்கம்மா, என் கண்ணு முன்னாடி” என்று தன் பேனாவைக் கொடுத்தார். அடித்தேன். நான்கு பிரதிகளிலும் அடித்தேன். நெறியாளர் வெளியே வந்தார். நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு என்மேல் கோபம்தான். ஆனால் கையெழுத்து வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது.

அலுவலகத்துக்குப் போனபோது மணி நான்கு இருபது. நீட்டிப்பு விண்ணப்பத்தில் தாமதத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. உடல்நலக் குறைவு, திருமணம், மகப்பேறு, பிற. நான் பிற என்பதில் குறியிட்டு, ஒரு வரியில் காரணம் எழுதி நீட்டினேன். எழுத்தர் படித்தார். மறுபடி படித்தார்.

“‘கட்டமைப்பில் பாதியை மட்டும் கணக்கிட்டதால்.’ இப்படிலாம் எழுதக் கூடாதுமா. மேல அனுப்பினா திருப்பிடுவாங்க. பிறன்னு இதுவரைக்கும் யாருமே போட்டதில்ல. கல்யாணம்னு போடு. ஒடனே பாஸ் ஆயிடும்.”

“எனக்குக் கல்யாணம் ஆவல சார்.”

“யாரு வந்து பாக்கப் போறா? ஒடம்பு சரியில்லன்னாவது போடு. ஜொரம் வந்துதில்ல? அஞ்சு வருஷத்துல ஒரு தபா கூடவா ஜொரம் வரல?”

“வந்தது சார். ஆனா லேட்டானது அதனால இல்ல.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். “பாதி போட்டா மீதியும் அதே மாதிரிதான இருக்கப் போவுது? அதுக்கு எதுக்கு மூணு மாசம்?”

“அப்படித்தான் சார் நானும் நெனச்சேன். ஒரு பக்கம் ஏறும்போது இன்னொரு பக்கம் எறங்குறதும் இருக்குது. அது பாதியில தெரியாது.”

“அப்படியா” என்று அவர் கொஞ்சம் யோசித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, மைப்பெட்டியில் இரண்டு முறை அழுத்தி, நான் எழுதிய வரிக்குக் கீழே குத்தினார். தேதி போட்டார். நேரமும் போட்டார்: நான்கு நாற்பத்தைந்து. “மேல கேட்டா நீதான் வந்து சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்றேன் சார்.”

ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நெறியாளரின் கணினியை மூன்று மாதத்துக்குக் கேட்டு விண்ணப்பம் எழுத ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். அவர் இரண்டாகக் கொடுத்தார்.